ஒரு செங்கல் தூரம்

பனச்சமூட்டில் என் வெல்டிங் பட்டறை.
ஜன்னல் கிரில், கல்லறைக்குச் சிலுவை,
ஆட்டோவுக்குக் கேரியர்,
இதுவரை என் கை அறிந்தது இவ்வளவுதான்.
கேரளத்துப் பக்கமிருந்து டெல்பின் வந்து
ஃபோனை நீட்டினாள்.
"இதுபோல ஒரு கூடு வேணும் ஓய். பன்னிக்குப் பேறு பாக்க."

படத்தில் கம்பி மட்டும் இருந்தது, பன்றி இல்லை.
இருந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்
எப்படித் திரும்பும் என்று.

காதில் மஞ்சள் வில்லை, எண் ஏழு.
அதனால் பெயரும் ஏழு.
போன ஈற்றில் பதினொன்று போட்டு
மூன்றின் மேல் படுத்துவிட்டாள்.
"அவ மேல தப்பில்ல" என்றாள் டெல்பின்.
இருநூறு கிலோவை
யார்தான் பைய இறக்கிவைக்க முடியும்,
அதுவும் பின்னால் கண் இல்லாமல்.

ஆறேமுக்கால் அடி நீளம், இரண்டடி அகலம்.
ஒன்றரை இஞ்ச் பைப்பில் கூடு முடித்து
சில்வர் பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன்.
நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

மடியில் பால் துளிர்த்த சாயங்காலம்
டெல்பின் கூப்பிட்டாள், குரல் சரியில்லை.
போய்ப் பார்த்தேன்.
ஏழு என் பைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பெயிண்ட் அவள் உதட்டில் மினுங்கியது.
சிமெண்டை மூக்கால் உழுதாள்,
நிறுத்தினாள், மறுபடி உழுதாள்.
இல்லாத சருகை வாய்நிறைய அள்ளி
திரும்ப முடியாத பக்கமாகத்
தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

கூட்டுக்குள் நின்றது ஏழு.
கம்பியைப் பிடித்தபடி
வெளியே நின்றேன் நான்.

"அறுத்துப் போடட்டா?"
"அறுத்தா குட்டி சாவும்."
"அறுக்காட்டி?"
டெல்பின் பதில் சொல்லவில்லை.
சுவரோரம் கிடந்த செங்கலை எடுத்து
தரையில் நிறுத்தினாள், ஒன்பது இஞ்ச்.
பிறகு அதையே சுவரில் முட்டிப் படுக்கவைத்தாள், ஒன்பது இஞ்ச்.
"இவ்வளவு இடம் விட்டு
சுவர் நெடுக ஒரு கம்பி ஓடினா?
அவ சரியும்போ சுவர் தொடாது.
குட்டிக்கு ஒதுங்க இடம் உண்டு."

ஏழை முற்றத்தில் விட்டோம்.
வாழைச்சருகு ஒரு கட்டு போட்டாள் டெல்பின்.
கூட்டை அறுத்த பைப்பே கம்பியானது.
விடியும்வரை பட்டறையில் பற்றவைப்பு,
விடிந்தபின் சுவரில் போல்ட்.
ஒரு மூலையைக் குறுக்கே அடைத்து
அடியில் குட்டி நுழையும் வழி, உள்ளே நூறு வாட் பல்பு.
தாய்க்குக் குளிர்ச்சி வேண்டும், பிள்ளைக்குச் சூடு.
ஒரே அறையில் இரண்டு ஊர்.

ஏழு உள்ளே வந்தாள்.
சருகைத் தானே சுமந்து வந்து
நான்கு முறை மாற்றி அடுக்கி
ஐந்தாவது முறை ஒப்புக்கொண்டாள்.
இரவு பன்னிரண்டு குட்டி. ஒன்று பிறக்கும்போதே அசையவில்லை.

இரண்டு மணிக்குக் கேரளத்துக் கரண்ட் போனது.
பல்பு அணைந்ததும் பதினொன்றும்
சூட்டைத் தேடி வயிற்றுக்கு நகர்ந்தன.
வேலிக்கு அப்பால் தமிழ்நாடு.
கிளாடிஸ் வீட்டு வாசலில் வெளிச்சம் எரிந்தது.
கட்டர் வயரை வேலிப் பொத்தலில் நுழைத்தேன்.
இந்த வரியை
எந்த மின்வாரியமும் படிக்க வேண்டாம்.

மூலை மறுபடி சிவந்தது.
ஏழு தண்ணீருக்கு எழுந்து குடித்துத் திரும்பினாள்.
முன்கால் மடக்கினாள்.
மூச்சை நிறுத்தினோம்.
மூக்கால் ஒரு தள்ளு, ஒரு உறுமல்,
பிறகு மொத்த இருநூறும்
சுவர்ப்பக்கமாகச் சரிந்தது.
கம்பி முனகியது.
என் பற்று பிடித்தது.

டெல்பின் டார்ச் அடித்து எண்ணினாள்.
ஒன்பது. பத்து.
நெடுநேரம் பத்தே.
அப்புறம் கம்பிக்கு அடியிலிருந்து,
அந்த ஒரு செங்கல் தூரத்திலிருந்து,
சருகு ஒட்டிய ஒரு மூக்கு வந்தது,
எங்களைக் கவனிக்காமல்
பாலைத் தேடிப் போனது.

பில்லில் கூட்டுக்கான கூலியை
நான் எழுதவில்லை.
செங்கல் அவளுடையது.