குழி பார்க்கும் வேலை

ஓரடிச் சதுரம், ஓரடி ஆழம்.
விளிம்புவரை தண்ணீர் ஊற்றி
இரவு முழுக்கக் குடிக்கவிட வேண்டும்.
மறுநாள் திரும்ப ஊற்றி
முக்கால் கால் ஆகும்வரை
கடிகாரம் பிடிக்க வேண்டும்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கென்ட்டின் இந்தப் பக்கம்
கழிவுநீர்த் தொட்டி புதைக்க நினைப்பவர்கள்
முதலில் என் வாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சாரிங் மேட்டில் சுண்ணக்கல்.
மண்வெட்டி பட்டால் பல் கூசும்.
வெள்ளைச் சேற்றில் தண்ணீர்
பால்போல நின்றது,
நிற்பதுபோலத்தான் இருந்தது.
சாண்ட்விச்சும் பாதிக் குறுக்கெழுத்தும் முடிந்தபோது
கால் மட்டம்.
எங்கோ ஒரு விரிசல்
சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது.
நாற்பத்தைந்து நிமிடம். தேறிற்று.

லென்ஹாம் மணலில் உட்காரவே நேரமில்லை.
ஊதாரியின் கைக்காசு.
பன்னிரண்டாம் நிமிடம்
வீட்டுக்காரி ரோவீனா கைதட்டினாள்.
இதுவும் தேறாது என்றேன்.
இத்தனை அவசரமாய் இறங்கும் நீர்
அழுக்கையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே இறங்கும்.
மண் அதைக் கொஞ்சம் மறிக்க வேண்டும்,
மடியைச் சோதிக்க வேண்டும்,
பிறகுதான் விட வேண்டும்.
அவள் நம்பவில்லை.
நான் குழியை மூடினேன்.

பிறகு ஹெட்கார்ன்.
பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் களிமண்.
டெரிக் ஹாக்பென் வீட்டுக் கொல்லையில்
நேற்று மாலை ஊற்றியபோது
அவர் கேட்டது ஒன்றுதான்:
"விடிவதற்குள் வடிந்துவிடும்தானே?"
வெள்ளிக்கிழமை கையெழுத்தாம்.
மனைவி ஏற்கெனவே ஆஷ்ஃபோர்டில்,
மாடிப்படி இல்லாத வீட்டில்.

காலையில் குழி காலி.

களி ஒரே இரவில் மனம் மாறாது.
குனிந்து பார்த்தேன்.
அடியில், வழுவழுத்த சேற்றில்,
ஒரு வட்டம்.
அதன்மேல் ஏறி அரை வட்டம்.
மூலையில், இருட்டில் தடவியதுபோல்,
இன்னும் நாலைந்து.
தேநீர்க் கோப்பையின் வாய்.

குழி கொள்வது இருபத்தேழு லிட்டர்.
கோப்பைக்குக் கால் லிட்டர் என்றால்
நூற்றெட்டு.
அர்ச்சனைக் கணக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைச் சாய்த்தேன்.
வட்டங்கள் கலங்கி மறைந்தன.
அவர் இரண்டு கோப்பைகளோடு வந்தார்.
ஒன்றின் கைப்பிடி இடுக்கில்
கழுவியும் போகாத சாம்பல் கோடு.
அதை நானே எடுத்துக்கொண்டேன்.

பத்து மணி.
ஓர் ஓக் இலை விழுந்தது.
பதினொன்று.
இலை அதே உயரத்தில்
மெல்லத் திரும்பிப் படுத்தது.
வேலிக்கு அப்பால் ரயில் போனபோது மட்டும்
தண்ணீர் நடுங்கியது,
இறங்கவில்லை.

பன்னிரண்டுக்கு அவரே கேட்டார்:
"எழுதிவிட்டீர்களா?"
"இன்னும் இல்லை."
"எழுதுங்கள்" என்றார்.

எழுந்து போனார்.
முழங்கால் இரண்டிலும் களி,
காய்ந்து, வெடித்து,
இன்னும் உதிராமல்.