விலாங்கின் வேலை

தார்த்துவில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்,
காற்றைக்கூட வடிகட்டி உள்ளே விடும் அறையில்,
லீவி ஒரு பையை
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள்.

வெள்ளை.
பால் இல்லை அது.
சோயா எண்ணெயும் தண்ணீரும்:
சேராதவர்களுக்கு நாம் உவமை சொல்லும்
அதே இரண்டும்.

நடுவில் நின்று பேசி முடித்தது
முட்டையின் மஞ்சள்கருவிலிருந்து எடுத்த லெசித்தின்.
தலை தண்ணீரில்,
வால் எண்ணெயில்.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று
விலாங்கை ஏசுகிறோமே,
அந்தப் புத்திதான்.
அது இல்லாவிட்டால் இந்தப் பை இல்லை.

ஒவ்வொரு துளியையும் சுற்றி
நெருக்கியடித்து நிற்கும் விலாங்குகள்.
எல்லாத் தலைகளிலும் எதிர்மின்.
ஆகவே துளியைத் துளி நெருங்கும்,
முறைக்கும்,
விலகும்.
இந்த விலகலுக்குத்தான்
கலவை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"கால்சியத்தை எப்போது சேர்த்தாய்?"

ஊர்மாஸ் கையுறைக்குள் விரல்களை எண்ணுகிறான்.
மதியம் அவன் தின்றது
வுர்ட்ஸ்யார்வ் ஏரியில் பிடித்துப் புகைபோட்ட விலாங்கு,
கறுப்பு ரொட்டியோடு.
(அறைக்கு வெளியேதான்.
கை கழுவிவிட்டுத்தான் வந்தான்.)
"எண்ணெய்க்கு முன்னால்... இல்லை.
பின்னால். நேராக அதிலேயே."

கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்.
சிலிர்த்து நிற்கும் தலைகளைத்
தடவிக் கொடுக்கும் கை அது.
முறைப்பு தணிந்தால் துளிகள் ஒன்றாகும்,
ஒன்றானால் பருக்கும்,
பருத்த துளி போக
நுரையீரலின் கடைசிக் குழாயில் இடமிருக்காது.

நாலாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள்
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
கால்பட்டையில் தாயின் பெயர்: ஹெல்வே.

பையின் மேல்விளிம்பில், ஒட்டுக்கோட்டின் ஓரம்,
மயிரிழைக்கு ஒரு மஞ்சள்.
ஊர்மாஸுக்குத் தெரியவில்லை.
லீவிக்கும்
மூன்றாம் முறை சாய்த்தபோதுதான்.
குலுக்கினால் மறைந்துவிடும்.
அதனால்தான் அவள் குலுக்கவில்லை.

சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

அடுத்த பை.
குளுக்கோஸ், அமினோ அமிலம், நிறையத் தண்ணீர்.
கால்சியம் அந்தக் கூட்டத்தில் கலந்து
நீர்த்துப் போகட்டும்.
எண்ணெய்ப்பால் கடைசியில்,
மெதுவாக, சுவரோரமாக.
மேலிருந்து தொலைபேசி அடிக்கிறது.
"இருபது நிமிடம்" என்கிறாள்.
நாற்பது ஆகிறது.

ஏழு மணி.
ஒதுக்கி வைத்த பையில்
மஞ்சள் இப்போது ஒரு விரல் அகலம்.
கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு
ஊர்மாஸ் அதையே பார்த்து நிற்கிறான்.
பேருந்து போய்விட்டது.