தவமலரின் துண்டு

மார்ச் முப்பத்தோராந் தேதி
ஹோட்டல் குசினியில் கேக் வெட்டி
என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஏப்ரல் முதலாந் தேதி
வேலைக்குப் போகமுதல் தவமலர்
மேசையில் ஒரு துண்டு வைத்தாள்:
உப்பு. மோர். கத்தரிக்காய். குப்பைப் பை.

நாலே நாலு சாமான்.

தமிழில் எழுதினால் தூணாகிவிடுகிற
தூன் நகரத்தில்
தூணாகவே நின்றேன், மிக்றோவின் பால் அலுமாரி முன்னால்.
வெள்ளை. அதற்குப் பக்கத்தில் வேறொரு வெள்ளை.
முழு ராம், அரை ராம், புளித்த ராம்.
இத்தனை ராம் வரிசையாய் நிற்க
மோர் மட்டும் வனவாசம் போயிருந்தது.
புளித்ததைத் தூக்கினேன்.
மோரும் புளிப்புத்தானே.

கத்தரிக்காயை நாங்களே நிறுக்கவேணும்.
இலக்கத்தைப் பார்க்க மறந்து
திரும்பிப் போய்ப் பார்த்து
வழியில் அதையும் மறந்து
ஏதோ ஒன்றை அமத்தினேன்.
காசு வாங்கும் பெட்டை துண்டைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள்.
'இது இஞ்சியா?' என்று கேட்டாள்.
பின்னால் ஆறு பேர்.
ஒரு குழந்தை கால்மாறிக் கால்மாறி நின்றது.
முப்பத்தொரு வருஷத்து ஜெர்மன்
தொண்டைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.
'ஓம், இஞ்சி' என்றேன்.

இஞ்சி தின்ற குரங்கு என்பார்கள்.
தின்னாமலே முழித்தவன் நான் ஒருத்தன்தான்,
அதுவும் முழு விலை கொடுத்து.

குப்பைப் பை கேட்டேன்.
அவள் சொன்ன விலையைக் கேட்டு
வேண்டாமென்றேன்.
எறியிற பைக்கு
உள்ளே போடுகிற எல்லாவற்றையும்விட விலை.

உப்பில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.
பெட்டியில் ஒரு கோப்பை மினுங்கியது,
பக்கத்தில் ஒரு கிளாஸ்.
சாப்பிடுகிற உப்பு, அதுதான் கோப்பை போட்டிருக்கிறான்.
இரண்டு கிலோ எடுத்தேன்.

பின்னேரம் தவமலர்
கோட்டைக் கழற்றாமலே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'இது கோப்பை கழுவுற மெசினுக்குப் போடுறது.'

எங்களிடம் மெசின் இல்லை.
ஹோட்டலில் முதல் ஒன்பது வருஷம் மெசினே நான்தான்.
பிறகு வந்ததுக்கு
இதே உப்பை இருபத்தைந்து கிலோச் சாக்கில்
தோளில் சுமந்துபோய் ஊட்டினதும் நான்தான்.
சாக்கில் படம் இருக்கவில்லை.

ஏசுவாள் என்று நின்றேன்.
கதிரையில் இருந்து சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே கனடாவுக்கு எடுத்தாள்.
கனடா லண்டனுக்குச் சொன்னது.
வெள்ளிக்கிழமை கோயிலில்
செருப்புக் கழற்றும் இடத்தில்
முன்பின் தெரியாத ஒருத்தர்
'அண்ணை, உப்பு எப்பிடி?' என்றார்.

பெட்டி பல்கனிக்குப் போனது.
வெங்காயத்துக்குப் பின்னால் ஒன்பது மாதம்.

தை மாதம் ஒரு விடியல்.
இரவு பெய்த மழை
வாசற்படி பதினொன்றிலும் கண்ணாடியாய் உறைந்துகிடந்தது.
ஐந்தரைக்கு அவளுக்கு வேலை,
முதியோர் இல்லத்துச் சலவை அறை.
பென்சன் எடுக்க இன்னும் இரண்டு வருஷம்,
முழங்கால் ஒன்று ஏற்கெனவே எடுத்துவிட்டது.

நாலரைக்கு இறங்கி
கை கையாய் அள்ளி
ஒவ்வொரு படிக்கும் போட்டேன்.
பனிக்கட்டி மெல்ல முறுகி உடைகிற சத்தம்,
தாளிக்கிறபோது கேட்பதுபோல.

கீழ்வீட்டு ஃப்ரௌ சூர்பூகன்
யன்னலைத் திறந்து, தலையில் சுருள் ஊசிகளோடு,
'என்ன உப்பு அது? நல்லா வேலை செய்கிறதே' என்றாள்.
கெஷிர்ஷ்பியூலர்சால்ஸ்.
அந்த நீட்டுச் சொல்லை
ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

தவமலர் கைபிடியைத் தொடாமல் இறங்கினாள்.
கடைசிப் படியில் நின்று
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
இன்றைய துண்டை நீட்டினாள்:

தின்னுற உப்பு.
இஞ்சி.

இஞ்சிக்குக் கீழே இரண்டு கோடு.