காய்

கொசுவத்திப் பெட்டிகளை வெட்டி
நாற்பது கூடாரங்களாய் மடித்தோம்.
எழுத்து என் பக்கம், வெறும் அட்டை உன் பக்கம்.
து – துரை. கி – கிராணி. கா – காவல்காரன்.
யா – யானை, வேலியை மிதித்துத் தாண்டும்.
பா – பாம்பு, எல்லாரிடமும் தோற்கும்,
துரையை மட்டும் கொல்லும்.
கொ – கொடி, அசையாது.
பலகை, போன வருட நாட்காட்டியின் முதுகு.

பாடாங் செராயில் மழை பிடித்தால்
செம்பனை லோரிகள் ஆலை வாசலில் நின்றுவிடும்.
எடைப்பாலத்து அறையில் நான்,
ஆய்வுக்கூடத்திலிருந்து தனேஸ்வரி,
நடுவில் ஒரு ஸ்டூல்.

மோதினால் இருவரும் திருப்பிக் காட்டவேண்டும்:
இது முதல் விதி. மூன்றே மழையில் சலித்தது.
பாதி ஆட்டத்துக்குள் எல்லாம் அம்பலம்.
காட்டாமலே மோதினால் என்ன என்றாள்.
எது செத்தது என்று யார் சொல்வது?

கீ ஹோக் வந்தார்.
நீல லோரி, எழுபத்து மூன்று பதினான்கு.
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது,
நடுவருக்கு அதுதான் தகுதி.
எழுத்துகளை வரிசையாய் ஒரு தாளில் வரைந்து கொடுத்தோம்:
மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொல்லும்,
பாம்புக்கு மட்டும் ஓர் அம்புக்குறி.
இரண்டு அட்டைகளையும் உள்ளங்கையில் மூடி
தாளோடு ஒப்பிட்டு
ஒன்றைச் சட்டைப் பைக்குள் போடுவார்.
"மாத்தி" என்பார்.
எதனிடம் செத்தேன், எனக்குத் தெரியாது.
எதைக் கொன்றாள், அவளுக்குத் தெரியாது.
இரண்டையும் பார்த்தவருக்கோ எல்லாம் கோடுகள்.
இதைவிட நல்ல விதி நான் எழுதியதில்லை.

பிறகு சேர்த்தவை:
கொடி ஒரு முறை ஓடலாம்.
(அடித்துவிட்டோம். எந்த முறை அந்த ஒரு முறை என்றே சண்டை.)
மின்சாரம் போனால், வரும்வரை
யாரும் எந்தக் காயையும் நகர்த்தலாம்.
(இருக்கிறது.)
ஓர் அட்டையை நாமே பார்க்காமல் வைக்கவேண்டும்.
(தனேஸ்வரியுடையது. நல்ல விதிதான்.
ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.)

ஐந்தாம் மாதம்
ஹோக் தாளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.
நான் கவனிக்கவில்லை.
அவளுடைய கொடி எந்த மூலையில் என்பதிலேயே கண்.

எனக்கு இன்னொரு மறைவு ஆட்டமும் உண்டு.
மேலே சிவந்த குலை, அடியில் பச்சை என்று
சந்தேகம் தட்டும் லோரிக்கு
எடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு சொல் எழுதுவேன்.
கொட்டும் மேடையில் சரவணப்பெருமாள் அதைப் பார்த்து
அடிவரை கிளறுவான்.
சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஓட்டுநரேதான்.
அதனால்தான் தமிழில்.

அன்று தராசின் எண் துடித்து
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபதில் நின்றது.
ஹோக் சீட்டை வாங்கினார்.
திருப்பினார்.
முதல் எழுத்தில் விரல் வைத்து, "காவல்காரன்."
அடுத்ததில், "யானை.
ஆனால் இந்த யானைக்குக் கால் இல்லை.
தலையில் ஒரு புள்ளி."
உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு
சேர்த்துச் சொன்னார்: "காய்."
பலகையில் நீங்கள் வைப்பதுதானே என்றார் மலாயில்.
ஆமாம் என்றேன்.
அது பொய்யில்லை.
என் லோரியில் ஏது பலகை என்றார்.

சீட்டை மடிக்காமல் கொண்டுபோய்
மேடையில் கொடுத்தார்.
ஆறு குலை பச்சை. கழித்தார்கள்.

எட்டு நாள் வெயில்.
பிறகு மழை, பிறகு அவர்.
படிக்கத் தெரிந்த நடுவர் ஆகாது,
பழைய விதிக்கே போவோம் என்று
தனேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தாள்.
ஹோக் சிகரெட் பெட்டியில் வெட்டிய ஒரு கூடாரத்தைப்
பலகையின் நட்டநடுவில் வைத்தார்,
எழுத்து தன் பக்கமாய்.
உண்மையில் எழுத்து இருக்கிறதா என்றும் தெரியாது.
அது எதைக் கொல்லும்? தோளைக் குலுக்கினார்.
எதனிடம் தோற்கும்? கோப்பியை ஊதினார்.

நான்கு மழை போயிற்று.
அதைச் சுற்றித்தான் நகர்கிறோம்.
தனேஸ்வரியின் ஏதோ ஒன்று, யானையாக இருக்கலாம்,
அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது.
விதி ஒன்பது என்று எழுதி
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.
வெளியே ஹாரன் அடிக்கிறார்கள்.
சீட்டின் பின்பக்கத்தில் இப்போது
நான் எதுவும் எழுதுவதில்லை.
ஆனாலும் ஹோக்
ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்க்கிறார்.