ஊறல், ஏழு பாகம்

முதல் பாகத்தில் அதற்கு உடம்பே கிடையாது.
காசில்லை.
ஆரணியாற்று நாணலில் தூண்டில் நரம்பைக் கட்டி
மணலில் குப்புறப் படுத்து நான் இழுப்பேன்.
கேமரா பயந்துகொள்ளும்.

புதைத்து வைத்த சாராயப் பேரலில் விழுந்து செத்தவன்
எழுந்து வருகிறான். அவ்வளவுதான் கதை.
பெயர் ஊறல்.
சத்தியவேடு ரோட்டில் அந்தச் சொல்லை
ஆள் பார்த்துத்தான் உச்சரிக்க வேண்டும்.

"முனிரத்தினம், நீ எங்கேயும் தெரியக் கூடாது,
அதுதான் நடிப்பு" என்றார் டைரக்டர் கோதண்டம்.
சம்பளம் அறுபது ரூபாய், ராத்திரிக்குப் பரோட்டா.

இரண்டில் கை மட்டும் வந்தது.
லாரி டியூபை வெட்டி, மைதாவும் காவியும் அப்பி
முழங்கை வரைக்கும்.
ஊத்துக்கோட்டைக் கொட்டகையில் ஒருத்தி மயங்கி விழுந்தாள்.
போஸ்டரில் போட்டோம்.
மசக்கை என்று பிறகு தெரிந்ததைப் போடவில்லை.

மூன்றில் முகம்.
பல் பதினெட்டு, கண்ணுக்கு டார்ச் பல்பு,
பேட்டரி என் அக்குளில்.
முதல் காட்சியில் கத்தினார்கள்.
மூன்றாம் நாள் பல்லை எண்ணினார்கள்.

நான்காவதை இரண்டு மொழியில் எடுத்தோம்.
தமிழில் எரிந்து சாக வேண்டும்.
தெலுங்கில் சாகக் கூடாது,
ஐந்தாம் பாகத்துக்கு விநியோகஸ்தர்
முன்பணம் கொடுத்துவிட்டார்.
ஒன்பது மணிக்கு எரிந்தேன்.
கோணி நிஜமாகவே பற்றி இடது கால் வெந்தது.
டீ குடித்தேன்.
பன்னிரண்டு மணிக்கு அதே காலோடு
சாம்பலிலிருந்து எழுந்து நடந்தேன்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் செத்தவன்
நாகலாபுரத்தில் ஹவுஸ்ஃபுல்.
அங்கே வாழ்க்கைப்பட்ட தங்கச்சி ஆள் அனுப்பினாள்:
"இங்கேதான் நீ உயிரோட இருக்கே, வந்துடு."

ஐந்தில் அதற்கொரு அம்மா கிடைத்தாள்.
சென்னையிலிருந்து வந்த நடிகை, கிழித்துத் தைத்த புடவை.
ஊர் செய்த அநியாயம், மழையில் ஒரு ஃப்ளாஷ்பேக்.
அழுவதற்கு முகமூடியில் ஓட்டை போட்டார்கள்.
கிளிசரின் உள்பக்கமாக இறங்கி
என் கழுத்தில் பிசுபிசுத்தது.

ஆறில் பள்ளிக்கூட வேனைக் காப்பாற்றியது.
உடம்பு முழுக்கக் கம்ப்யூட்டர்.
என்னிடம் நடையை மட்டும் கேட்டார்கள்,
முட்டியிலும் தோளிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டி.
வெந்த காலின் சாய்வு அப்படியே ஏறிவிட்டது.
பிஸ்கட் பாக்கெட்டில் அது சிரிக்கிறது.
செக்போஸ்ட்டருகே டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள்
என்னைப் போல நொண்டுகிறார்கள்,
நான் யாரென்று தெரியாமல்.

ஏழுக்கு ஒரு சின்னப் பையன் டைரக்டர்.
"அங்கிள், புதுசா ஒண்ணு யோசிச்சிருக்கோம்,
உருவமே வேண்டாம். நாணல் மட்டும் அசையட்டும்."
நரம்பு எத்தனை கெஜம் என்று கேட்டேன்.

பிச்சாட்டூர் அணை திறந்து
தரைப்பாலம் முங்கிக் கிடந்த சாயங்காலம்.
மறுகரையில் யூனிட். இக்கரையில் நான் மட்டும்,
அதே மணலில், கொஞ்சம் பெரிய வயிற்றோடு.

ஒன்றைச் சொல்ல வேண்டும்.
பேரலில் விழுந்தவன் நிஜத்தில் ஒருவன், பட்டாபி.
அந்தக் குழியை அவனும் நானும்தான் வெட்டினோம்.
தலைக்கு இருபத்தைந்து ரூபாய்.
டீக்கடையில் கோதண்டத்துக்கு நான்தான் கதை சொன்னேன்.
பெயரைச் சொல்லவில்லை.
ஏழு பாகத்திலும் எவனும் கேட்கவில்லை.

அவன் அம்மா எருமையை ஓட்டிக்கொண்டு
அந்த வழியாக வந்தாள்.
ஒரு பாகமும் பார்த்ததில்லை அவள்.
அசையும் நாணலைப் பார்த்தபடி நின்றாள்.
பயப்படவில்லை.

"காத்தே இல்லையே" என்றாள்,
என்னிடம் இல்லை.

நரம்பை விட்டுவிட்டேன்.
நாணல் நிற்க
கொஞ்ச நேரம் பிடித்தது.