மூன்றாம் வரிசை

காலை நான்கு மணிக்கு
ரீகா விமான நிலையத்தில்
முதலில் விழித்துக்கொள்பவை என் கையுறைகள்.
பிறகுதான் நான்.

பதினோரு வருடமாக ஒரே கேள்வி:
திரவம் ஏதும் உண்டா?
லாத்வியனில், ரஷ்யனில், ஆங்கிலத்தில்.
வீட்டில் என் கணவன் சூப் கொண்டுவந்து வைத்தாலும்
கிண்ணத்தின் அளவைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நூறு மில்லி.
கணக்கு குப்பிக்கு, உள்ளே இருப்பதற்கு அல்ல.
ஷாம்பூ புட்டியின் அடியில்
ஒரு விரல்கடை மிச்சம் வைத்திருந்த மாணவி
தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள்:
பாருங்கள், ஒரு சொட்டுகூட விழவில்லை.
விழவில்லைதான்.
புட்டியின் மேல் இருநூறு என்று எழுதியிருந்தது.

கட்டியான சீஸ் போகலாம்,
இளகிய சீஸ் போகக்கூடாது.
தேன் உறைந்தாலும் திரவமே என்றார் மேலதிகாரி,
தன் ஜாடித் தேனைக்
கத்தியால் வெட்டி எடுத்தபடி.

தோஹாவில் வாங்கிய வாசனைத் திரவியத்தை
ஆசை தாளாமல்
முத்திரைப் பையைக் கிழித்து
வானத்திலேயே முகர்ந்து பார்த்துவிட்டான் ஒருவன்.
தொண்ணூற்று நான்கு யூரோ.
ரசீதை நீட்டினான்.
ரசீது போகலாம் என்றேன்,
அது திரவம் அல்ல.

இந்தப் பக்கம் தண்ணீர் குப்பை.
பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்கிற இடத்தில்
அதே தண்ணீர் மூன்று யூரோ எண்பது.
எனக்கு ஊழியர் சலுகை உண்டு:
மூன்று நாற்பது.

ஏப்ரல் முதல் வாரம், வியாழக்கிழமை.
சேசிஸ் பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருந்தார் இமான்ட்ஸ்.
பழைய லெமனேட் புட்டியில் ஒரு லிட்டர்,
தண்ணீரைவிடக் கொஞ்சம் மங்கலாக.
பிர்ச் மரத்து நீர், என்றார்.
கார்க் நகரத்தில் மகள். மசக்கை.
எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறதாம்,
இதை மட்டும் கேட்கிறாள்.

எனக்குத் தெரியும் அது.
பட்டையில் துளையிட்டுக் குழாய் செருகி,
இரவு உறைபனியும் பகல் வெயிலும்
ஒத்துக்கொண்டால் சொட்டும்.
ஒத்துக்கொள்ளாவிட்டால்
வாளி சும்மா தொங்கும்.

பக்கத்தில் நான்காம் வரிசை.
திங்கட்கிழமை வந்த புது இயந்திரம்
உள்ளே இருப்பதைப் பார்க்கத் தெரிந்தது.
அதன் வழியாக ஒரு பையன்
ஒன்றரை லிட்டர் கோலாவோடு
விசிலடித்துக்கொண்டு போனான்.
இமான்ட்ஸ் அவனைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
அந்த வரிசைக்கு மாறலாமா?
மாறலாம். நாற்பது நிமிடம் ஆகும்.
அவருடைய விமானத்தின் கதவு
முப்பத்தைந்தில் மூடும்.

இதற்கு என்ன விலை போட்டு எழுதிக்கொள்வீர்கள், என்று கேட்டார்.
கோபமாக அல்ல,
விவரம் தெரிந்துகொள்ள.
விலை எழுத எங்களிடம் படிவம் கிடையாது.

நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்தார்.
அதற்கு மேல் முடியவில்லை.
அறுபத்தெட்டு வயது, மூன்று மணி நேரப் பயணம்,
மூத்திரப்பை சம்மதிக்காது, என்று சிரித்தார்.
மிச்சத்தை என்னிடம் தருவதற்கு முன்
மூடியை இன்னொரு திருகு திருகினார்.
தொட்டிக்குப் போகிற புட்டிக்கு
எதற்கு அந்த இறுக்கம்?

மாலையில் தொட்டியை எடை போட்டோம்.
நூற்றுப் பதினெட்டு கிலோ.
கிலோவுக்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
நிரப்பிக் கையெழுத்திட்டேன்.

மே மாதம் எங்கள் வரிசைக்கும்
புது இயந்திரம் வந்தது.
மேலதிகாரி கேக் வெட்டினார்.
கிரீம் திரவமா என்று யாரோ கேட்க
எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.
பிர்ச் மரங்கள் அதற்குள் இலை விட்டிருந்தன.
இலை விட்ட மரத்தில் துளையிட்டுப் பயனில்லை.

போகலாம், எல்லாம் போகலாம் என்கிறேன் இப்போது.
ஆனாலும் வரிசை என்னை நெருங்க நெருங்க
யாரோ ஒருவர்
யாரும் சொல்லாமலே
அண்ணாந்து
மடமடவென்று குடித்து முடிக்கிறார்.