ஆய்வின் வரம்புகள்

தலைப்பை மூன்று முறை மாற்றினார் புவனசுந்தரம் சார்.
"மலை ஊர்களின் மனுக்கள் ஏன் தாமதமாகின்றன"
என்று எழுதிப் போயிருந்தேன்.
'ஏன்' வேண்டாம் என்றார்.
ஏன் என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும்.
இப்போது அது
"சேர்வராயன் மலைப்பகுதி மனுக்களின் கால அளவு: ஓர் ஆய்வு."
ஓர் ஆய்வு என்பதை
ஹெல்மெட் மாதிரி மாட்டிக்கொள்ளலாம்.

பகலில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.
இரவில் முதுகலை, பொது நிர்வாகம், இரண்டாம் ஆண்டு.
அஸ்தம்பட்டி வாடகை அறையில்
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
அறிமுகத்தின் மேல் உப்பு ஜாடி,
முந்தைய ஆய்வுகளின் மேல் இஸ்திரிப் பெட்டி.
நான்காம் அத்தியாயத்தின் மேல் எதுவுமில்லை.
அது இன்னும் எழுதப்படவில்லை.

மாதிரி அளவு நாற்பத்தேழு.
முன்மொழிவில் ஐம்பது.
ஒருவர் இறந்துபோயிருந்தார்.
ஒருவர் திருப்பூர் போய்விட்டார்.
ஒருவர் கதவைத் திறந்து
என் அடையாள அட்டையைப் படித்து
மூடிக்கொண்டார்.
மூவரையும் 'பதிலளிக்காதோர்' என்று ஒரே கட்டத்தில் போட்டேன்.
எக்செல் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் மலையேறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவில்
பதினாலாவது தவறாமல் குமட்டும்.
மூக்கருகே எலுமிச்சை, மடியில் வினாப்படிவம்.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடிக்குக் கீழே
காப்பிப்பழம் பறித்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்:
"மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை...
பாதை இன்னும் போடல.
அது இதுல எங்க இருக்கு?"
கருத்தில்லை என்பதற்கு மேலே
பேனா கொஞ்சநேரம் நின்றது.

முப்பத்தொன்றாம் பதிலாளி சடையன்.
மகளைக் கல்லூரியில் சேர்க்க
சாதிச் சான்று கேட்டிருந்தார்.
இருநூற்றுப் பதின்மூன்று நாள்.
சேர்க்கை முடிந்து, வகுப்பு தொடங்கி,
முதல் பருவத் தேர்வும் முடிந்தபிறகு சான்று வந்தது.
லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.
காட்டிவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்:
"நீங்க மூணாம் ஜன்னல்தானே?"

என் படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.
அடுத்த கேள்வியைப் படித்தேன்.

திங்கட்கிழமை கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
"நகல் தெளிவில்லை. திருப்பலாம்."
கீழே வால் நீண்ட சுருக்கொப்பம்.
அந்த வாலை ஒன்பதாம் வகுப்பில் பழகினேன்,
நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க.
அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை.
மாலையில் யாராவது தட்டுவடை செட் வாங்கி வந்திருப்பார்கள்.
நகலைக் குழல்விளக்கின் கீழே பிடித்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.
கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

"இது விலகல் மதிப்பு, நீக்கிவிடு.
சராசரி கெட்டுவிடும்" என்றார் சார்.
நல்ல மனிதர்.
மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.
நீக்கவில்லை.
சராசரி கெட்டது.

ஐந்தாம் அத்தியாயத்தின் இறுதியில்
ஆய்வின் வரம்புகள் என்று ஒரு பகுதி உண்டு.
கால அவகாசம் போதவில்லை.
மழையால் இரண்டு ஊர்களுக்குப் போக முடியவில்லை.
மாதிரி சிறியது.
நான்காவதாக ஒரு வரி எழுதி, அழித்து,
நள்ளிரவில் ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதியபோது
திரும்ப எழுதினேன்:
ஆய்வாளர் மூன்றாம் ஜன்னலில் பணிபுரிகிறார்.

ஐந்து ரோட்டில் பைண்டிங் கடை.
கறுப்பு காலிகோ, தங்க எழுத்து, ஐந்து பிரதிகள்.
பசை காயும்போது ஞாபகம் வந்தது:
அன்று வாசற்படியில் நின்றபடி
வினாப்படிவத்தை வாங்கிப் பார்த்த மாதேஸ்வரி,
சான்று தாமதமான அந்த மகள்,
ஏழாம் கேள்வியில் விரல் வைத்து
"'நாட்கள் ஆனது' இல்லக்கா,
'ஆயின'ன்னு வரணும்" என்றாள்.

"ஒரு வார்த்தைக்காகவா அக்கா
அஞ்சையும் பிரிக்கச் சொல்றீங்க?"
கடைப்பையன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தான்.

ஆமாம் என்றேன்.
பின்னிணைப்பு ஒன்று, ஏழாம் கேள்வி.
எத்தனை நாட்கள் ஆயின.